தொண்ணூற்றுநான்கு ஒக்டோபர்

"தொண்ணூற்றிநாலு ஒக்டோபரில எக்ஸ்போஸ் விளையாடினதை நீர் கண்ணால பாத்தனீரோ?" என்று கேட்டுக்கொண்டே அருளம்பலம் கடையின் சுருள்கதவைத் தரைவரை இழுத்துவிட்டார்.

"ஓம் அண்ணை. ஸ்டேடியத்திலயே இருந்து பாத்தனான்," என்றார் யோசெப். மகளுக்கென்று பொறுக்கிய பழைய பேஸ்போல் அட்டைகள் அவர் கையில் இருந்தன. தொண்ணூற்றுமூன்றிலேயே மொன்றியலுக்கு வந்துவிட்டதாகப் போன சனிக்கிழமையும் சொல்லியிருந்தார்.

அருளம்பலம் மேசையடியிலிருந்து மொன்றியலின் பேஸ்போல் அணியான எக்ஸ்போஸின் சாதனைப் புத்தகத்தை எடுத்து, மூலை மடித்த பக்கத்தை யோசெப்பின் முன்னால் விரித்து வைத்தார். எழுபத்துநான்கு வெற்றி, நாற்பது தோல்வி. அந்த ஆண்டு எல்லா அணிகளுக்கும் மேலே நின்ற அணி. ஓகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததோடு எல்லாம் முடிந்தது. ஒக்டோபரில் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை.

அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில், தூக்கம் வராமல் அருளம்பலம் மனப்பாடம் செய்த புத்தகம் அது. அதில் ஒருமுறை எழுதிய எண் அப்படியே நிற்கும்.

"அப்ப நீ இங்க இல்லை. எங்கயடா இருந்தனி?"

யோசெப் புத்தகத்தை மூடினார். "பொய்தான் அண்ணை. அந்த வருசங்களை நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

அருளம்பலத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. போன சனிக்கிழமை இதே மேசையில் யோசெப் அட்டைகளை ஒண்டு, ரெண்டு என்று எண்ணியபோதே இவருக்கு அந்தக் குரல் பிடிபட்டுவிட்டது.

தொண்ணூற்றாறில், ஊரில், இராணுவ முகாமில், அருளம்பலத்தைக் கண்ணைக் கட்டிப் போட்டிருந்த அறையில் மூன்று நாள் கேட்ட குரல் அது. கூட்டாளி தியாகராசாவைப் பக்கத்து அறைப் பக்கமாக இழுத்துப்போனார்கள். அவனுடைய அலறல் கேட்கவில்லை. அடி விழும் சத்தம் கேட்கும். பிறகு அந்தக் குரல் தமிழில் எண்ணும். எங்காவது எண் பிழைத்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

நம்மாள் ஒருவன் விலைபோய், தியாகராசாவை எண்ணி எண்ணி அடிக்கிறான் என்று அருளம்பலம் அன்றே முடிவுகட்டிவிட்டார். தியாகராசா திரும்பி வரவில்லை.

அலமாரியில் சாய்த்து வைத்திருந்த பேஸ்போல் மட்டையை எடுத்தார். முதல் அடி முழங்காலில் விழுந்தது. யோசெப் கத்தவில்லை. தரையில் சரிந்தவரின் வாயிலிருந்து ஒரு சொல் மட்டும் வந்தது.

"ஒண்டு."

இத்தனை வருசத்துக்குப் பிறகும் இவனுக்குத் திமிர் அடங்கவில்லையே என்று அருளம்பலத்துக்குத் தலை கொதித்தது. இரண்டாவது அடி இடுப்பில் இறங்கியது.

"ரெண்டு."

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரி வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். எல்லாம் சரியா என்று பிரெஞ்சில் கேட்டாள். "ஸா வா, மதாம்," என்றார் அருளம்பலம், ஓங்கிய மட்டையை இறக்காமலே. அவளுடைய செருப்புச் சத்தம் செயின்ட்-மிஷேல் சந்தையின் இரைச்சலுக்குள் தேய்ந்து போகும்வரை காத்திருந்தார்.

மூன்றாவது அடி வாயைப் பிளந்தது. சிதறிக் கிடந்த அட்டைகளின் மேல் இரண்டு பற்கள் தெறித்தன. யோசெப் இரத்தத்தை விழுங்கிக்கொண்டு, "நாலு," என்றார்.

சொன்னவுடனே கண்களை இறுக மூடினார். யாரும் சொல்லாமலே கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கட்டுவதற்குத் தோதாகச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"பிழைச்சுப்போச்சு சேர்… திரும்ப ஒண்டில இருந்து அடிக்காதேங்கோ, இனிச் சரியா எண்ணுறன்."