கடப்பாரை சொன்ன ‘வேண்டாம்’

“அந்தக் கடப்பாரையை எப்படியாவது சமாளிச்சிடுங்க மேடம். இல்லன்னா நம்ம குழுவே ரெண்டா உடைஞ்சிடும்!”

போனில் நண்பர் சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தன்னார்வலர்கள் கூடிச் செய்து, எல்லோருக்கும் இலவசமாகத் தரும் கம்ப்யூட்டர் சிஸ்டம் அது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒவ்வொரு வேலையாக எழுப்பிவிடும் பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டுப் புதிதை வைப்பதா, வேண்டாமா? சாயங்காலம் ஓட்டெடுப்பு.

புதுசு வேகம் என்று பாதிப் பேர். பழசே போதும் என்று மீதிப் பேர். அவர்களுக்குத் தலைவர், வளைந்து கொடுக்காததால் ‘கடப்பாரை’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். காரணம் கேட்டால், “புதுசு இன்னும் தயாராகல” என்பதோடு சரி. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒருங்கிணைப்பாளர் நேரே அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

கதவைத் திறந்தவர், “இங்கேயும் சண்டையா மேடம்?” என்றார்.

“கெஞ்சிக் கேக்க வந்தேன் சார். இத்தனை வருஷ உழைப்பு... உங்க பிடிவாதத்தால வீணாப் போயிடக்கூடாது.”

“உள்ள வாங்க. நீங்களே பாருங்க.”

அறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண்.

“என் மனைவி. கண் பார்வை இல்ல. மனசு உடைஞ்சு கூப்பிடுறவங்களுக்குப் போன்ல ஆறுதல் சொல்ற வேலை. திரையில இருக்கறதைக் கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லும். சோதிச்சுப் பாக்க இதுல இப்ப உங்க புதுசைத்தான் போட்டிருக்கேன்.”

மனைவி பட்டனை அழுத்தினாள். திரை பளிச்சென்று வந்தது. குரல் வரவில்லை.

விரல்கள் தட்டச்சுப் பலகையில் தடுமாறின.

“ஏங்க, வந்துடுச்சா?”

“திரை வந்துடுச்சு. குரலைத்தான் அது எழுப்பவே இல்ல.”

“ஐயோ, டியூட்டி நேரமாச்சே! யாராவது லைன்ல காத்திட்டிருப்பாங்க... சீக்கிரம் பழசுக்கு மாத்துங்க!”

அவர் பரபரவென்று மாற்றினார். குரல் பேசிய பிறகுதான் அந்த அறையில் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

ஒருங்கிணைப்பாளர் அவர் பக்கம் திரும்பினாள்.

“இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே சார்! மனசாட்சி இல்லாதவளா நான்?”

“அவரைத் தடுத்தது நான்தாங்க” என்றாள் மனைவி. “என்னைக் காட்டி இரக்கம் கேக்காதீங்கன்னு சொல்லிட்டேன். ஆனா, இந்தக் குறையை நானே எழுதி அனுப்பினேனே.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். ‘ஒரே ஒருத்தருக்காக எல்லாரையும் காக்க வைக்க முடியாது’ன்னு பதில் போட்டீங்களே!”