கைப்பிடித் தோல்

வேலூரில் செத்துப்போன துரையின் பங்களா கூடத்தில், பெயரோ குறியோ இல்லாத இருபது விற்கள் வெயிலில் பளபளக்கின்றன. "எல்லாம் நவாப் காலத்து வில்லு!" என்று கூவுகிறார் ஏலக்காரர் முனிரத்தினம். "நடுவுல கீறது என்னுதுங்க. ரேஞ்சர் புடுங்கி தொரைக்குக் குடுத்துட்டாரு" என்கிறான் அமிர்திக் காட்டுச் சடையன். "உன் பேரு எழுதிக்கீதா?" என்கிறார் முனிரத்தினம். சிரிப்புக்கு ஏலத்தொகை கிடையாதே, கூடமே சிரிக்கிறது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருக்கும் இஷ்தியாக் பாய் மட்டும் அந்த வில்லை எடுத்து, கைப்பிடியில் சுற்றிய தோலை முகர்கிறார். முகம் சிவக்கிறது. "நாங்க தோல் ஊறப்போடுற ஆவாரம்பட்டை வாசனை. கத்தி கீறிப்போன துண்டு. போன வருஷம் காட்டுலேர்ந்து பட்டை கொண்டாந்தப்ப நான்தான் இவனுக்குக் குடுத்தேன். இன்னாய்யா, உன் நவாப்பு என் ஷாப்புக்கு வந்து தோல் வாங்கினாரா?" முனிரத்தினத்தின் சுத்தியல் அந்தரத்தில் நிற்கிறது. சடையன் வில்லைப் பிடுங்கி, துரை பூசிய வார்னிஷை நகத்தால் சுரண்டத் தொடங்குகிறான்.