பூட்டு சொன்ன காரணங்கள்

“முடியாது அக்கா” என்றான் பூட்டு.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு அவன் பொறுப்பு. அவன் அனுமதிக்காத புரோகிராம் எதுவும் அங்கே ஓடாது. அதனால் எல்லோரும் வைத்த பெயர் அது.

மருந்தகத்து அக்கா அசையாமல் நின்றாள்.

போன மழைக்காலத்தில், ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு மருந்துகள் ஒரே பெரியவருக்குப் போய்விட்டன. எடுத்துக் கொடுத்தது அவள் கைதான். உயிர் மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் செய்தாள். நோயாளியின் மருந்துகளைப் பதிந்தால் போதும். சேரக்கூடாதவை இருந்தால் திரையில் சிவப்புக் கட்டம் வந்து நிற்கும்.

“முதல்ல கடவுச்சொல் இல்லைன்னீங்க தம்பி, வெச்சேன். அப்புறம் யார் வேணும்னாலும் மருந்து விவரத்தை மாத்திடலாம்னீங்க, அதையும் அடைச்சேன். இப்ப என்ன?”

“நாலு பேர் ஒரே நேரத்துல திறந்தா உறைஞ்சு போகுது.”

“என் கவுன்டர்ல நான் ஒருத்திதானே உட்கார்றேன்?”

அவன் அவளுடைய பென்டிரைவைத் திருப்பி நீட்டினான்.

“உங்க வீட்டு ஆள் இங்க படுத்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?”

“சரி பண்ணிட்டு வாங்கக்கா.”

வீட்டில் அவள் கணவர் வாயைத் திறக்கவே பயந்தார். “அவனுக்கு வயித்தெரிச்சல்ங்க. தான் செய்யலைன்னு” என்று பொரிந்துகொண்டே கீபோர்டைத் தட்டினாள். திட்டத் திட்ட வேலை வேகமாக நடந்தது.

வார முடிவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். “இதுதான் கடைசி. இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

அவன் வாங்கி ஓரமாக வைத்தான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை மருந்தகத்துப் போன் அடித்தது. பெண்கள் வார்டு நர்ஸ்.

“அக்கா, காலையில கம்ப்யூட்டரைத் திறந்தா புதுசா ஒண்ணு இருந்துச்சு. மருந்தகம்னு போட்டிருந்துச்சேன்னு ஒரு அம்மாவோட மருந்தெல்லாம் பதிஞ்சேன். சிவப்பா ஒரு கட்டம் வந்து போகவே மாட்டேங்குது.”

அவள் எழுந்துவிட்டாள். “குடுத்துட்டியா?”

“கையில எடுத்தேன். கீழ வெச்சுட்டேன்.”

“டாக்டரைக் கூப்பிடு. அவர் சொல்ற வரைக்கும் எதையும் குடுக்காத.”

போனை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். வழியில் குழந்தைகள் வார்டு. அங்கேயும் திரையில் அவளுடைய புரோகிராம். எலும்பு முறிவு வார்டிலும் அதுதான். அவசரப் பிரிவில் யாரோ ஒரு நர்ஸ் அதில் பதிந்துகொண்டிருந்தாள். தன் சாப்பாட்டு மேசையில் பிறந்த ஒன்று, முன்பின் தெரியாத இத்தனை படுக்கைகளுக்கும் பக்கத்தில் கண் விழித்து நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா, நீங்களே மலைச்சுப் போயிட்டீங்க?” என்றார் தலைமை நர்ஸ். “நேத்து லீவு நாள்னுகூடப் பாக்காம பூட்டு வந்து வார்டு வார்டா அலைஞ்சான். பெரிய டாக்டர் கேட்டார், ‘ஏதாவது தப்பாப் போனா யாருய்யா பொறுப்பு?’ன்னு. ‘நான்’னுட்டான்.”

அவள் நேராக அவன் அறைக்குப் போனாள்.

“என் ஒரு கம்ப்யூட்டருக்குத்தானே தம்பி கேட்டேன்?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க லீவு போடுற அன்னிக்கும் நோயாளிங்க வருவாங்களே அக்கா.”