குருவி உட்கார்ந்த இடம்

ஆற்றில் மணல் அள்ளுகிறவர்கள் கரையை மேலிருந்து வெட்டுவதில்லை. அடியில் குடைந்தால் மேலே உள்ளது தானாகச் சரியும். அதற்கும் பஞ்சுருட்டான் குருவிகள் பொந்து போட்ட கரையாகத் தேடுவார்கள். குருவி போய்வரும்வரை கரை நிற்கும் என்றொரு நம்பிக்கை.

"மச்சான், ரொம்ப உள்ள போயிட்டீய. வெளிய வாங்க," என்றான் இசக்கிராஜ்.

அவன் அக்காள் புருஷன் கொம்பையா குடைவுக்குள்ளிருந்து சிரித்தான். "என் தலைக்கு மேலயே குஞ்சு வச்சிருக்குல. அதுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரும்?"

கரையில் விரிசல் ஓடியபோதும் குருவிகள் அலகில் தட்டானோடு பொந்துக்குள் போய்க்கொண்டுதான் இருந்தன.

புழுதி அடங்கியபோது குடைவும் இல்லை, கொம்பையாவும் இல்லை. எங்கே தோண்டுவதென்று தெரியாமல் இசக்கிராஜ் மணல் சரிவில் அங்குமிங்கும் ஓடினான். பொந்துகள் இருந்த உயரத்தில், வெறும் காற்றில், குருவிகள் சிறகடித்து நின்றன. பிறகு ஒன்று இறங்கி மணலில் ஓரிடத்தில் உட்கார்ந்தது. விரட்டினான். திரும்பவும் அங்கேயே வந்து உட்கார்ந்தது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்த இடத்தைக் கையால் பறித்தான். சிறகு முளைக்காத குஞ்சு ஒன்று வந்தது. அதை வீசிவிட்டுத் தோண்டினான். இன்னொன்று வந்தது. தட்டானை விடாமல் குருவி பக்கத்திலேயே நின்றது. அடுத்து விரலில் தட்டுப்பட்டது தலைமுடி; அதன் அடியில் வெதுவெதுப்பாக இருந்தது.