நிழலில் போட்ட மீன்

தலைவரின் சிலை எழுந்த நாளிலிருந்து, அமலோற்பவம் கருவாடு காயப்போடும் மணலில் வெயில் விழுவதில்லை. வேறு இடம் பார்த்துக்கொள் என்றார்கள் அதிகாரிகள். "எங்கம்மா காலத்துலேர்ந்து இங்கதான் காயுது. உங்க தலைவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றவள், அந்த நிழலிலேயே மீனைப் பரப்பினாள். மீன் காயவில்லை, அழுகியது. சிலையைக் கும்பிட வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். மீனை அள்ளச் சொல்லி உத்தரவு போட யாருக்கும் துணிவில்லை. போட்டால், தலைவரின் காலடி நாறுகிறது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதனால் சட்டம் வேறு மாதிரி வந்தது: சிலைக்கு முன்னால் மூக்கைப் பொத்துவது தலைவரை அவமதிக்கும் குற்றம், ஆறு மாதம் சிறை. பலகையும் நட்டார்கள். முதலில் மாட்டியவள் பக்கத்து வீட்டு ரோஸ்லின். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, குமட்டல் தாங்காமல் பொத்திவிட்டாள். ஏட்டு அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்று, அமலோற்பவம் இன்னும் இரண்டு கூடை மீனைக் கொண்டுவந்து கொட்டினாள்.

சிலையின் ஆண்டு விழாவுக்குத் தலைவரே வந்தார். கூட்டம் வாயால் மூச்சுவிட்டபடி கைதட்டியது. மாலை போட நெருங்கியவர் சட்டென்று நின்றார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். கைதட்டல் நின்றுபோனது.

அமலோற்பவம் உப்புக் கையோடு எழுந்து நேராக ஏட்டிடம் போனாள்.

"ரோஸ்லினை ஏத்திட்டுப் போன ஜீப் எங்க, ஏட்டையா? கொண்டாங்க."

ஏட்டு பலகையைப் பார்த்தார். கூட்டம் ஏட்டைப் பார்த்தது.