மிஞ்சியது காபி

"இனி பாக்கி காபி மட்டும்தான். நாளையிலேர்ந்து அதையும் நிறுத்திடுங்க" என்றார் டாக்டர்.

போட்டோக்காரருக்குச் சொத்தே கைவிட்டுப் போன மாதிரி இருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

அரிப்பு எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்க, சந்தேகப்பட்டதையெல்லாம் டாக்டர் நிறுத்திப் பார்த்தார். பால், முட்டை, கோதுமை, கடலை. எல்லாவற்றுக்கும் முதலில் சர்க்கரை. வேகவைத்த காயும் சோறும் போக, வாழ்க்கையில் ருசி என்று மிஞ்சியது ஒரு கடுங்காபிதான். அரிப்போ இம்மியும் குறையவில்லை. ஸ்டூடியோவில் "ஆடாம உக்காருங்க" என்று ஊரை அதட்டிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் இவர் ஆடிக்கொண்டிருந்தார். போன வாரம் ஒரு குடும்பமே படத்தில் கலங்கலாக விழுந்து, கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"காபியில சர்க்கரை உண்டா?"

"மூச்! எனக்காக இவளும் விட்டுட்டா டாக்டர்."

பக்கத்தில் மனைவி பெருமையாகத் தலையாட்டினாள்.

"நாக்கு பழகிடுச்சா?"

"நீங்க சொன்னது அப்படியே பலிச்சுது. சர்க்கரையை விட்டா நாக்கு தெளிஞ்சு, வெறும் காபியே இனிக்கும்னீங்களே? முதல்ல லேசாத்தான் இனிச்சுது. இப்ப தேனாட்டம் இருக்கு!"

டாக்டருக்கு வாயெல்லாம் பல். "உங்களுக்கு எப்படிம்மா?"

"எனக்கு எங்க தெளியுது? இன்னிக்கும் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரிதான் மூஞ்சி கோணிச்சு."

அது போட்டோக்காரருக்கும் தெரியும். தினமும் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு தாளாது.

"ஆனா இவர் தங்கமான மனுஷர், டாக்டர்" என்றாள் அவள். "காபி போடறது இவர்தான். மேலாகத் தெளிஞ்சதை எனக்கு ஊத்திட்டு, அடிவண்டலைத் தனக்கு வெச்சுப்பார். எனக்கு மட்டும் மனசு கேக்குமா? பாவம், அந்த ஒரு வாய் காபியாவது நல்லா இருக்கட்டும்னு, இவர் அடுப்பைத் துடைக்கத் திரும்பினதும் ரெண்டு கப்பையும் மாத்தி வெச்சிடுவேன்."

சொறிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து?"

"டயட் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

அவள் முகம் கோணுவதைத் தாங்காமல், அவளுக்கே தெரியாமல் அவள் கப்பில் அரைக் கரண்டி சர்க்கரை போட ஆரம்பித்தவர் அவர். கோணல் குறையாததால், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்து, இன்று காலை போட்டது நாலு.