ஊருக்குப் போய்வந்த பைக்

மாதம் ஒருமுறை, அம்மாவைப் பார்த்துவர நிரஞ்சன் தன் பைக்கை மட்டும் அனுப்புவான். தானே ஓடிப் போய்வரும் அது, சேறும் சகதியுமாக நேரே பொற்கொடியின் வாட்டர் சர்வீஸ் கடைக்கு வந்து நிற்கும். இந்த முறை வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட்டவள், நிரஞ்சன் வீடியோவில் முகம் காட்டிப் பேசும் அதன் முன்பக்கத் திரையில் அப்பிக் காய்ந்திருந்த தயிர்ச்சோற்றைக் கண்டு கையை நிறுத்தினாள்.

"என்ன சார் இது?"

திரையில் நிரஞ்சனின் முகம் வந்தது. "அம்மாதாங்க. என் முகத்தைப் பார்த்ததும் ஊட்டிவிடுறேன்னு அசிங்கம் பண்ணிட்டாங்க. சுரண்டிப் போடுங்க."

பொற்கொடி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சேறுன்னா கழுவுவேன். பெத்தவ ஊட்டின சோத்தைத் துடைக்க நீங்களே நேர்ல வாங்க, தொரை!"

"ஊர்ல வேற கடையா இல்ல?" என்றான் நிரஞ்சன்.

பளபளத்த பைக், வாயெல்லாம் சோறு அப்பிய அவன் முகத்தோடு அடுத்த தெருவுக்குத் திரும்பியது.